முப்பது நாள்

தீர்ப்பு வந்த நாள்

கோலார் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. அதில் கேழ்வரகு போடுவார். ஊடே அவரை போடுவார். அதுதான் வீட்டுக்குச் சோறு.

கணவரின் தம்பி கோர்ட்டில் வழக்குப் போட்டார். "அந்த நிலம் என் பாகம். அண்ணி சும்மா அனுபவித்து வருகிறார்" என்பது அவர் வாதம். அந்த அம்மாவும் விடவில்லை. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது பதிவு செய்த பத்திரத்தைக் கோர்ட்டில் கொடுத்தார். நான்கு வருடம் வழக்கு நடந்தது.

ஜூன் 3ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள்.

"அம்மா, தீர்ப்பு நமக்குப் பாதகமாகப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்" என்றார் வக்கீல்.

அந்த அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கோர்ட்டே சொல்லியாச்சு. இனி யார் என்ன செய்ய முடியும்?"

"மேல் கோர்ட்டு இருக்கிறதாமே. ஆனால் இப்போது வேண்டாம். ஆடி கழியட்டும். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் போகலாம்."

இரண்டும் தவறு. முதல் பேச்சைக் கேட்டால் நிலம் போகும். இரண்டாவது பேச்சைக் கேட்டாலும் நிலம் போகும். ஏன் என்று பார்ப்போம்.

மேல்முறையீடு என்றால் என்ன?

நீதிபதியும் மனிதர்தான். அவர் ஒரு பத்திரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஒரு சாட்சி சொன்னதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். சட்டத்தைத் தவறாகப் பொருத்திவிடலாம். இது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கோர்ட்டுக்கு மேல் இன்னொரு கோர்ட்டு வைத்தார்கள்.

கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு சரியில்லை என்று மேல் கோர்ட்டில் மனுப் போடுவதுதான் மேல்முறையீடு. அப்பீல் என்று சொல்லுவோமே, அதுதான். நிலம், வீடு, கடன், பாகப் பிரிவினை போன்ற வழக்குகளைச் சிவில் வழக்கு என்கிறோம். இந்த வழக்குகளை நடத்தும் முறை 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 96ஆம் பிரிவு முதல் மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. இது யாரும் நமக்குக் காட்டும் சலுகை அல்ல. சட்டம் கொடுத்த உரிமை.

வழக்கில் தோற்றவர் மேலே போகலாம். கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்றால், கிடைக்காத பாதிக்காக அவரும் போகலாம்.

எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கோர்ட்டுகள் ஏணிப் படிகள் மாதிரி. கீழ்ப்படியில் முன்சீப் கோர்ட்டு இருக்கிறது. சில மாநிலங்களில் இதை இளநிலை சிவில் நீதிபதி கோர்ட்டு என்பார்கள். அதற்கு மேல் சப் கோர்ட்டு. இதற்கு முதுநிலை சிவில் நீதிபதி கோர்ட்டு என்றும் பெயர் உண்டு. அதற்கு மேல் மாவட்டக் கோர்ட்டு. அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். நம் நாட்டில் 25 உயர் நீதிமன்றங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போவது? அது தீர்ப்புச் சொன்ன கோர்ட்டையும் வழக்குச் சொத்தின் மதிப்பையும் பொறுத்தது. இதில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். தவறான கோர்ட்டில் மனுப் போட்டால் நாள் வீணாகும். ஆகையால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஐயா, நம் அப்பீல் எந்தக் கோர்ட்டில் போட வேண்டும்?"

நாள் கணக்கு

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இதைச் சொல்கிறது.

சப் கோர்ட்டிலோ மாவட்டக் கோர்ட்டிலோ மேல்முறையீடு செய்வதானால் 30 நாள்.

உயர் நீதிமன்றத்தில் செய்வதானால் 90 நாள்.

தீர்ப்புச் சொன்ன நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாள்தான் முதல் நாள். அந்த அம்மாவுக்கு ஜூன் 3ஆம் தேதி தீர்ப்பு. ஜூன் 4ஆம் தேதி முதல் நாள். விரல் விட்டு எண்ணினால் ஜூலை 3ஆம் தேதி முப்பதாவது நாள். கடைசி நாள் கோர்ட்டு விடுமுறையாக இருந்தால், கோர்ட்டு திறக்கும் நாளில் மனுப் போடலாம்.

ஆடி மாதம் ஜூலை நடுவில்தான் பிறக்கும். ஆவணி வருவதற்குள் ஆகஸ்டு பாதி போய்விடும். "ஆவணியில் பார்க்கலாம்" என்று அந்த அம்மா இருந்திருந்தால் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். நல்ல நாள் பார்க்கிற வழக்கம் கல்யாணத்துக்கு இருக்கட்டும். அப்பீலுக்கு ஒவ்வொரு நாளும் கடைசி நாளை நோக்கித்தான் போகிறது.

எல்லா வழக்குக்கும் இதே கணக்கு அல்ல. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு வழக்கில் 90 நாள். குடும்ப நலக் கோர்ட்டின் தீர்ப்புக்கு அந்தச் சட்டத்தில் 30 நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்கு 45 நாள். ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "ஐயா, நமக்கு எத்தனை நாள்? கடைசித் தேதி என்ன?" அந்தத் தேதியை நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நகலின் பின்பக்கம்

மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பின் நகல் வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் போதாது. கோர்ட்டு முத்திரை போட்ட சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பைத் தவிர டிகிரி என்று ஒரு தாளும் உண்டு. யாருக்கு என்ன கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லும் தாள் அது. அதன் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

நகல் கேட்டு அதே கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டும். நகல் தயாராகச் சில நாள் ஆகும். சில கோர்ட்டுகளில் பல வாரமும் ஆகலாம். அந்த நாள்களும் நம் முப்பதில் கழிந்துவிடுமா? கழியாது. நகல் தயாராக ஆன நாள்களைச் சட்டம் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது.

அந்த அம்மா ஜூன் 6ஆம் தேதி நகல் மனுக் கொடுத்தார். ஜூன் 20ஆம் தேதி நகல் தயாரானது. 6ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை 15 நாள். இந்த 15 நாளைக் கூட்டிக்கொள்ளலாம். ஜூலை 3ஆம் தேதியுடன் 15 நாள் கூட்டினால் ஜூலை 18. அதுதான் அவருக்குக் கடைசி நாள்.

இதில் இரண்டு இடங்களில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

ஒன்று: முப்பது நாள் முடிந்த பிறகு நகல் மனுக் கொடுத்தால் இந்தச் சலுகை உதவாது. கெடு முன்பே தாண்டிவிட்டதே!

இரண்டு: நகல் தயாராகி மேசையில் கிடக்கும். நாம் வாங்கப் போகாமல் இருப்போம். அப்படிப் போன நாள்களைத் தள்ள மாட்டார்கள். நகல் தயாரான தேதியோடு கழிவு நின்றுவிடும்.

ஆகவே தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுக் கொடுப்பது நல்லது. அப்பீல் போவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம். நகல் வாங்கியதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா கற்போர் மையத்தில் தமிழ் படித்தவர். தீர்ப்போ கன்னடத்தில் இருந்தது. ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் நகலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு முத்திரை இருந்தது. அதில் எண்கள் இருந்தன. நகல் மனுக் கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, நகல் கொடுத்த தேதி என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அது எந்த மொழி ஆனால் என்ன? எண் எண்தானே. அந்த அம்மா காலண்டரை எடுத்து வைத்துத் தானே எண்ணிப் பார்த்தார். ஜூலை 18 என்று வந்தது. வக்கீல் குமாஸ்தாவும் அதே தேதியைத்தான் சொன்னார்.

நீங்களும் நகல் வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் நாள் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

நாள் தவறிவிட்டால்?

கெடு தாண்டினால் எல்லாம் போய்விட்டது என்று இல்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரி அப்பீலோடு ஒரு மனுப் போடலாம். ஏன் தாமதம் ஆனது என்று அதில் உண்மையான காரணம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்தச் சீட்டுகளை வைக்க வேண்டும். காரணம் போதுமானது என்று கோர்ட்டு நினைத்தால் அப்பீலை ஏற்கும்.

1987இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. அது காஷ்மீரில் அனந்தநாக் என்ற ஊரின் நிலம் எடுப்பு வழக்கு. அரசாங்கத் தரப்பு நான்கு நாள் தாமதமாக அப்பீல் போட்டிருந்தது. அதை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தை மன்னித்தது. வேண்டுமென்று தாமதமாக வருவதால் யாருக்கும் லாபம் இல்லை, நியாயமான வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது, காரணத்தைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆனால் 2012இல் வேறொரு வழக்கு வந்தது. அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஃபைல் பல மேசைகளுக்குப் போய் வந்ததுதான் காரணம் என்றது. உச்ச நீதிமன்றம் மன்னிக்கவில்லை. அவ்வளவு பெரிய அரசாங்கத் துறைக்கே அந்தக் கதி.

ஆகவே மன்னிப்பு உண்டு. ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

மனுப் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

அப்பீல் போட்டுவிட்டோம், இனி நிலத்தில் யாரும் கை வைக்க முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அப்பீல் போட்டதாலேயே கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு நின்றுவிடாது. ஜெயித்தவர் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனுப் போடலாம். கோர்ட்டு அமீனா வந்து நிலத்தை அளந்து எடுத்துக் கொடுக்கலாம். அப்பீல் ஒரு பக்கம் நடக்கும். நிலம் ஒரு பக்கம் போய்விடும்.

இதைத் தடுக்க வேண்டுமானால் தடை உத்தரவு வாங்க வேண்டும். ஸ்டே என்று சொல்வது இதைத்தான். அப்பீலோடு சேர்த்தே தடை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். தடை இல்லாவிட்டால் தனக்குப் பெரிய நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். காலம் கடத்தாமல் வந்து கேட்க வேண்டும். தேவைப்பட்டால் ஜாமீன் கொடுக்க வேண்டும். பணம் கட்டச் சொன்ன தீர்ப்பானால், அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லவும் செய்வார்கள்.

ஜெயித்தவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. "என்னைக் கேட்காமல் தடை கொடுக்காதீர்கள்" என்று மேல் கோர்ட்டில் முன்கூட்டியே ஒரு மனுப் போட்டு வைக்கலாம். அதைக் கேவியட் என்பார்கள். அது 90 நாள் செல்லும்.

மேல் கோர்ட்டு என்ன செய்யும்?

மேல் கோர்ட்டு வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்தாது. சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடுவது அபூர்வம். கீழ்க் கோர்ட்டில் சாட்சிகள் சொன்னது எழுத்தில் இருக்கும். கொடுத்த பத்திரங்கள் கட்டில் இருக்கும். அவற்றை மேல் கோர்ட்டு வரவழைத்துப் பார்க்கும். இரு தரப்பு வக்கீல்களும் பேசுவதைக் கேட்கும்.

முதல் மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் கேட்கலாம். நடந்தது என்ன என்ற கேள்வியையும் கேட்கலாம். சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வியையும் கேட்கலாம். மேல் கோர்ட்டு தீர்ப்பை அப்படியே வைக்கலாம். கொஞ்சம் மாற்றலாம். முழுவதும் ரத்துச் செய்யலாம். சில வழக்குகளைக் கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி மறுபடி விசாரிக்கவும் சொல்லலாம்.

புதிய பத்திரங்களை மேல் கோர்ட்டு சாதாரணமாக வாங்காது. "இது என் பெட்டியில் இருந்தது, அப்போது கொடுக்க மறந்துவிட்டேன்" என்றால் ஏற்க மாட்டார்கள். எவ்வளவு தேடியும் அப்போது கிடைக்கவில்லை என்பது போன்ற தகுந்த காரணம் வேண்டும். ஆகவே ரசீது, பட்டா, பத்திரம் எதுவானாலும் முதல் கோர்ட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். கீழே போடாத அஸ்திவாரத்தை மேலே போய்ப் போட முடியாது.

அந்த அம்மாவின் வழக்கில் பத்திரம் கீழேயே கொடுத்தாகிவிட்டது. ஆனால் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கொழுந்தன் காட்டிய வரி ரசீதுகளை மட்டும் பார்த்து நீதிபதி முடிவு செய்திருந்தார். "அம்மா, இதுதான் நம் அப்பீலுக்கு முதல் காரணம்" என்றார் வக்கீல். அப்பீல் மனுவில் இப்படிப்பட்ட காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுத வேண்டும். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. தீர்ப்பில் எது தவறு என்று காட்ட வேண்டும்.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அப்பீலுக்குக் கோர்ட்டுக் கட்டணம் உண்டு. வக்கீல் ஃபீஸ் உண்டு. பஸ் செலவு வேறு. இதை நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

பணம் இல்லாததால் நீதி கிடைக்காமல் போகக் கூடாது என்று 1976இல் நம் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9ஆம் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டப்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார். கோர்ட்டுக் கட்டணமும் நகல் செலவும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அப்பீலுக்கும் இந்த உதவி உண்டு.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் பூகம்பம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உதவி தருவார்கள்.

எங்கே கேட்பது? தாலுகா கோர்ட்டு வளாகத்திலும் மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் சட்டப்பணிகள் அலுவலகம் இருக்கும். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அந்த அம்மா ஜூன் 6ஆம் தேதி கோர்ட்டுக்குப் போனபோது, வாசலில் ஒரு பையன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டப்பணிகள் குழுவின் தொண்டர் அவன்.

"என்ன வேண்டும் அக்கா?" என்று கேட்டான்.

"மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும் தம்பி. கையில் பணம் இல்லை."

"நீங்கள் பெண். உங்கள் வருமானம் எவ்வளவு என்றே கேட்க மாட்டார்கள். முதலில் நகல் மனுப் போடுவோம். பிறகு இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்வோம். கைநாட்டா, கையெழுத்தா?"

"கையெழுத்து" என்றார் அந்த அம்மா.

மேலே போக முடியாத தீர்ப்புகள்

இரண்டு வகைத் தீர்ப்புகளுக்குச் சாதாரணமாக அப்பீல் கிடையாது.

ஒன்று, இரு தரப்பும் கோர்ட்டில் சமாதானமாகப் போய் வாங்கிய தீர்ப்பு. இரண்டு, லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்த வழக்கு. அங்கே முடிவு செய்தால் அதுவே கடைசி. ஆகவே சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு படிக்க வேண்டும். புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு மேலே போகும் வழி அடைபடும்.

நாம் கோர்ட்டுக்கு வராததால் நமக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு வேறு வகை. அதை ஒருதலைத் தீர்ப்பு என்பார்கள். வர முடியாமல் போன காரணத்தைச் சொல்லி, 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் ரத்துச் செய்யக் கேட்கலாம். சம்மனே நம் கைக்கு ஒழுங்காக வரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

அதற்கும் மேலே

முதல் மேல்முறையீட்டிலும் தோற்றால்? உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே வாசல் குறுகல். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். சாட்சி சொன்னது மெய்யா பொய்யா என்று அங்கே போய்ச் சண்டை போட முடியாது. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். அங்கே சிறப்பு அனுமதி கேட்டுத்தான் போக முடியும். அதனால் முதல் மேல்முறையீட்டை நல்ல முறையில் நடத்துவது மிக முக்கியம்.

கடைசிப் படி வரை போய் வென்றவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் இரண்டு சகோதரிகளின் கதை இது. நடந்த வழக்கு. 2001இல் அவர்கள் தந்தை இறந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும். 2002இல் ஒரு மகனின் பிள்ளை பாகம் கேட்டு வழக்குப் போட்டார். மகள்களுக்குப் பாகம் இல்லை என்பது அவர் தரப்பு. வழக்கு நடக்கும்போதே, 2005இல் இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மகனைப் போல மகளுக்கும் பிறப்பிலேயே குடும்பச் சொத்தில் உரிமை என்றது புதிய சட்டம்.

ஆனாலும் 2007இல் கீழ்க் கோர்ட்டு அந்தச் சகோதரிகளுக்குப் பாகம் இல்லை என்றது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012இல் அங்கேயும் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு கீழ்த் தீர்ப்புகளையும் மாற்றியது. மகள்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்றது. 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்பதை, 2020இல் மூன்று நீதிபதிகள் வேறொரு வழக்கில் உறுதி செய்தார்கள்.

இரண்டு கோர்ட்டுகள் இல்லை என்றன. மூன்றாவது கோர்ட்டு உண்டு என்றது. நடுவில் அவர்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பங்கு இல்லை.

போவதா, வேண்டாமா?

ஆனால் எல்லாத் தீர்ப்புக்கும் அப்பீல் போக வேண்டும் என்பது அல்ல. அந்தச் சகோதரிகளுக்குப் பதினாறு வருடம் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது. வெறும் வீம்புக்காக மாட்டை விற்று வழக்காடி, கடைசியில் நிலமும் இல்லாமல் மாடும் இல்லாமல் நின்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆகவே வக்கீலிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தீர்ப்பில் தவறு எங்கே இருக்கிறது? அதைக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? செலவு எவ்வளவு ஆகும்? பதில் மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் சட்டப்பணிகள் அலுவலகத்தில் இன்னொருவரிடமும் கேளுங்கள். அப்பீல் நடக்கும்போதும் சமாதானம் பேசலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அந்த அம்மா என்ன செய்தார்? ஜூலை 18 வரை காத்திருக்கவில்லை. ஜூலை 5ஆம் தேதியே அப்பீல் போட்டார். தடை கேட்டும் மனுக் கொடுத்தார். பத்து நாளில் இடைக்காலத் தடை கிடைத்தது. அப்பீல் முடியும் வரை அவரை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. என்ன தீர்ப்பு வருமோ தெரியாது. ஆனால் அந்தப் பத்திரத்தை இன்னொரு நீதிபதி கட்டாயம் படிப்பார். தடை கிடைத்த அன்று நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் அந்த அம்மா நிலத்தில் கேழ்வரகு விதைக்கப் போனார். அடுத்த வாய்தாத் தேதி வீட்டுக் காலண்டரில் இருந்தது. அவர் கையால் அவரே வட்டம் போட்டு வைத்தது.

கலந்து பேசுவோம்

1. ஒரு மாவட்டக் கோர்ட்டு அப்பீலுக்கு மார்ச் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மார்ச் 12ஆம் தேதி நகல் மனுக் கொடுத்தார்கள். மார்ச் 21ஆம் தேதி நகல் தயாரானது. கடைசி நாள் எது? காலண்டரை வைத்து எண்ணிப் பாருங்கள்.

2. அப்பீல் போட்ட பிறகும் அமீனா நிலத்துக்கு வர முடியுமா? அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்?

3. உங்கள் தாலுகாவில் சட்டப்பணிகள் அலுவலகம் எங்கே இருக்கிறது? விசாரித்து நோட்டில் எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டுப் பத்திரங்களும் ரசீதுகளும் எங்கே இருக்கின்றன? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.